பரிபூரணம் திருத்தி எழுதிய பலகை

சோற்றுப்பானையின் மூடியைக்கூடச் சத்தம் வராமல் இறக்கி வைப்பவர் பரிபூரணம் அக்கா. அவர் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. அப்படிப்பட்டவர் போன மார்ச் மாதம், மூன்றே வாரத்தில், எங்கள் ஊரில் பாதிக் குடும்பங்களை வெட்கப்பட வைத்தார். அதில் என் வீடும் ஒன்று. ஒருவரை மட்டும் அதோடு விடவில்லை.

எங்கள் ஊர் தென்கரைப்பேட்டை. ராஜபாளையத்திலிருந்து வில்லிபுத்தூர் போகும் பஸ் நடுவில் நிற்கும் சின்ன நகராட்சி. பஸ் நிறுத்தத்துக்கு நேர் எதிரே, பழைய பிரசவ ஆஸ்பத்திரிக் கட்டடத்தில், வீடில்லாதவர்கள் தங்கும் விடுதி இருக்கிறது. அங்கே இருபத்தாறு பேர். மில் வேலை போய், வாடகை கொடுக்க முடியாமல் தெருவுக்கு வந்தவர்கள் பாதி. மீதிப் பேரில் சிலர் ஆண்டாள் கோயிலுக்குக் கூட்டி வரப்பட்டவர்கள். "செத்த நேரம் இங்கனயே இரு" என்று சொல்லிவிட்டுப் போன பிள்ளைகளுக்காகக் காத்திருந்து அலுத்தவர்கள். தன் பெயரைத் தவிர எதுவும் நினைவில்லாத ஒரு பெண்ணும் உண்டு. மூன்று வேளைச் சாப்பாடு நகராட்சிச் செலவு. சமைப்பவர் பரிபூரணம் அக்கா.

அவர் பிறந்தது வ. புதுப்பட்டியில். கல்யாணமாகி இங்கே வந்து, ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் நூலைக் கூம்பில் சுற்றும் கோன் வைண்டிங் மெஷின் முன்னால் பதினான்கு வருடம் நின்றார். நின்று நின்று இரண்டு காலிலும் நரம்பு சுருண்டு புடைத்தது. நிற்க முடியாதவருக்கு மில்லில் வேலை இல்லை. லாரி ஓட்டிய கணவர் வேல்பாண்டி லோடு ஏற்றிக்கொண்டு குஜராத் போனார். அங்கேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்டார் என்ற செய்தி மட்டும் திரும்பி வந்தது. வாடகை பாக்கிக்காக வீட்டுச் சொந்தக்காரர் பாத்திரங்களைத் தூக்கி வாசலில் வைத்த அன்று அக்காவுக்கு முப்பத்தெட்டு வயது. புதுப்பட்டிக்கு அந்த முகத்தோடு போக அவருக்கு மனமில்லை. எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தின் இரண்டாவது பிளாட்பாரத்தில் பதினோரு இரவு படுத்திருந்தார்.

அங்கே தன் சாக்கில் பாதியை அவருக்கு விரித்துக் கொடுத்தவர் ஜெயபாய். அப்போதே அறுபது வயதைத் தாண்டியவர். பிளாட்பாரத்தில் படுத்தாலும் தினமும் மாலையில் அந்த இடத்தைக் கூட்டிப் பெருக்கிவிட்டுத்தான் படுப்பார். ஆனாலும் விடியற்காலை நான்கு மணிக்குப் பேருந்து நிலையக் கழிப்பறைக் காண்டிராக்டர் ஓஸ் பைப்போடு வருவார். தூங்குகிறவர்கள் மேலேயே தண்ணீரைத் திருப்புவார்.

"எந்திரிங்க. தரை கழுவுற நேரம்" என்பார். அதைக் கோபமில்லாமல், கொட்டாவி விட்டுக்கொண்டே சொல்வாராம். பதினோரு நாளும் அக்காவுக்கு ஈரச் சேலையோடுதான் விடிந்தது.

பன்னிரண்டாம் நாள் விடுதி திறந்தது. ஜெயபாயும் அக்காவும் முதல் ஆட்களாக உள்ளே போனார்கள். சமைக்க ஆள் தேவைப்பட்டபோது அக்கா அடுப்படிக்குப் போனார். மெஷின் முன்னால் நிற்க முடியாத கால், அடுப்பு முன்னால் நின்றது. இது நடந்து ஒன்பது வருடம் ஆகிறது.

அந்தக் காண்டிராக்டர் பெயர் தனுஷ்கோடி. இப்போது அவர் கவுன்சிலர். பட்ஜெட் என்றால் எங்கள் நகராட்சியில் அவர் சொல்தான் எடுபடும்.

விடுதி வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. திறந்த புதிதில் யாரோ ஒரு பெயிண்டர் அதன் தலையில் "இன்றைய அன்னதானம் உபயம்" என்று மஞ்சள் பெயிண்டில் அழியாதபடி எழுதிவிட்டுப் போனார். அதன் கீழே சாக்பீஸில் பெயர் எழுதத்தான் இடம் இருந்தது. ஊரில் பிறந்தநாள், கல்யாண நாள், திதி என்று ஏதாவது கொண்டு வருவார்கள். முழுச் சாப்பாடு போடுகிறவர்கள் உண்டு. ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வருகிறவர்களும் உண்டு. எதைக் கொண்டு வந்தாலும் அந்த மஞ்சள் எழுத்துக்குக் கீழேதான் அவர்கள் பெயர் ஏறும். ஏறிய பிறகு பலகைக்குப் பக்கத்தில் நின்று ஒரு போட்டோ. அது சாயங்காலத்துக்குள் ஊர் வாட்ஸ்அப் முழுவதும் சுற்றிவிடும்.

பழம் கொண்டு வந்தவரிடம், "நீங்கள் சோறு போடவில்லையே, எப்படி எழுதுவது" என்று கேட்பது மரியாதையில்லை என்று அக்கா நினைத்தார். முகம் சுருங்கிவிட்டால் அடுத்த வருடம் அந்தப் பழமும் வராது. ஆகவே கேட்டவர்களுக்கெல்லாம் எழுதிக் கொடுத்தார்.

தனுஷ்கோடியும் ஒரு முறை வந்தார், போன வருடம் பிறந்தநாளன்று. அக்காவை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அக்கா அவர் பெயரையும் எழுதினார். எழுதும்போது சாக்பீஸ் இரண்டாக ஒடிந்தது என்று ஜெயபாய் சொல்வார்.

மார்ச் மாதம் நகராட்சியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. விடுதிக்குக் கொடையாளர்களே வருடத்தில் பெரும்பாலான நாள் உணவு வழங்கிவருவதால், ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நகராட்சியின் உணவுச் செலவு தேவையில்லை. அந்தத் தொகையில், புரட்டாசி சனிக்கிழமை வில்லிபுத்தூர்ப் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாளைப் பார்க்கப் போகும் பக்தர்களுக்காக மெயின் ரோட்டில் மின்விளக்கு வரவேற்பு வளைவு கட்டப்படும். வளைவில் கவுன்சிலர்கள் பெயர் இருக்கும். மாதக் கடைசிக் கூட்டத்தில் இது தீர்மானமாகும். கடிதத்தோடு ஆதாரமாக ஒரு ஆல்பம் இணைத்திருந்தார்கள். பலகைக்குப் பக்கத்தில் நின்று எடுத்த இருநூற்றுப் பதினான்கு போட்டோ. ஒவ்வொன்றின் கீழும் "முழு நாள் உணவு" என்று அச்சடித்திருந்தது. தொகுத்தவர் தனுஷ்கோடி.

தான் மரியாதைக்காக எழுதிய பெயர்களே இருபத்தாறு பேரின் சோற்றை நிறுத்தப் போகின்றன என்று அக்காவுக்குப் புரிய ஒரு பக்கம் புரட்டியது போதுமானதாக இருந்தது. அவர் அழவில்லை. ஆல்பத்தைக் கொண்டுபோய் முத்துவீரன் மடியில் வைத்தார். முத்துவீரன் விடுதியில் தங்கியிருப்பவர், பேண்டேஜ் துணித் தறியை முப்பது வருடம் ஓட்டியவர். தறி நின்றாலும் வாய் நிற்கவில்லை.

"அண்ணாச்சி, ஒவ்வொரு படத்திலயும் அவிய கையில என்ன இருக்குன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க" என்றார் அக்கா.

"வாழைப்பழம். இதுவும் வாழைப்பழம். இது பிஸ்கட்டு. ஏட்டி ஜெயபாய், இது அந்தக் கேசரில்லா. சீனின்னு நெனச்சு உப்பைப் போட்டுக் கிண்டிக் கொண்டாந்தாளே."

"ருசியைக் கேக்கல வே. கையைப் பாரும்" என்றார் ஜெயபாய்.

"கையைத்தான் பாக்கேன். முகத்தைப் பாத்தா கல்யாணச் சாப்பாடு போட்டவிய மாதிரி இருக்கு. கையைப் பாத்தா ஒரு சீப்புப் பழம்."

மத்தியானம் முழுக்கப் பார்த்தார்கள். முப்பத்தொரு படத்தில்தான் சோறு இருந்தது. கடைசிக்கு முந்தின பக்கத்தில் முத்துவீரனின் விரல் நின்றது.

"இவன் கையில ஒண்ணுமே இல்லையே."

அக்கா குனிந்து பார்த்தார். தனுஷ்கோடி வெள்ளை வேட்டியில் பலகைக்குப் பக்கத்தில் நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தார். இரண்டு கையும் சேர்ந்திருந்தன. அன்று அவர் தன்னோடு கொண்டு வந்தது ஒரு போட்டோகிராபரை மட்டும்தான்.

"இதைக் கடைசியா வச்சுக்கிடுவோம்" என்றார் அக்கா. அதைச் சொல்லும்போது அவர் சிரித்ததாக ஜெயபாய் சத்தியம் செய்கிறார்.

மறுநாள் காலையில் அக்கா உப்புத்தாள் வாங்கி வந்து அந்த மஞ்சள் எழுத்தைச் சுரண்டி எடுத்தார். பலகையைக் கேட்டுக்கு உள்பக்கம், ரோட்டைப் பார்த்தபடி நிறுத்தினார். ராஜபாளையம் பஸ்ஸும் வில்லிபுத்தூர் பஸ்ஸும் அதற்கு நேர் எதிரேதான் நிற்கும். ஜன்னலோரம் உட்கார்ந்தவர்கள் அன்று படித்தது இது:

"இந்தப் பலகையில் ஒன்பது வருடம் பொய் எழுதியவள் பரிபூரணம், சமையல். இனிமேல் உண்மை. ஏப்ரல் ஒன்றாம் தேதி முதல் இங்கே சோறு இல்லை. முப்பதாம் தேதிக் கூட்டத்துக்கு வாருங்கள்."

அதற்கடுத்த நாளிலிருந்து பெயர்கள் வந்தன. ஒரு நாளைக்குப் பத்துப் பெயர். பெயருக்கு எதிரே வந்த பொருள். நகைக்கடைக்காரர் குடும்பம், ஒரு சீப்பு நாட்டுப்பழம். ரியல் எஸ்டேட் அதிபர், பிஸ்கட் பாக்கெட் ஆறு. இன்னொருவர், பிறந்தநாள் கேக், வெட்டிய பிறகு மீந்தது. பஸ்ஸில் போகிறவர்கள் போட்டோ எடுத்தார்கள். முன்பு பலகையைத் தேடி வந்தவர்கள் இப்போது விடுதியைத் தாண்டும்போது எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு போனார்கள்.

மூன்றாம் நாள் எங்கள் பெயர் வந்தது. "ஜெயசித்ரா குடும்பத்தார். ஒரு தூக்குவாளி பாயசம். ஆளுக்கு அரை டம்ளர்." ஜெயசித்ரா என் அம்மா. பாயசம் என் அப்பாவின் திதிக்குக் கொடுத்தது. அம்மா கையில் கரண்டியோடு கிளம்பிவிட்டார். நான் பின்னால் ஓடினேன்.

"ஏட்டி பரிபூரணம், எங்க வீட்டு மனுசன் திதிக்குக் குடுத்ததை ரோட்டுல எழுதி வச்சிருக்கியே. ஒனக்கு நல்லாருக்கா?"

"எழுதினது பொய்யா மதினி?"

"பொய்யின்னு எவ சொன்னா? அரை டம்ளர்னு ஏன் எழுதின?"

"அரை டம்ளர்தான்" என்று உள்ளேயிருந்து முத்துவீரன் குரல் கொடுத்தார். "ரெண்டாவது கேட்டேன். வாளியைக் கவுத்திக் காட்டுனாவ."

"நீரு வாயை மூடும்" என்றார் அம்மா.

அக்கா ஆல்பத்தைத் திறந்து நீட்டினார். அந்தப் படத்தில் அம்மா ஒரு கையில் தூக்குவாளியும் மறு கையில் அப்பாவின் சட்டம் போட்ட போட்டோவும் வைத்துக்கொண்டு நின்றார். கீழே "முழு நாள் உணவு" என்று இருந்தது.

"ஒங்க பாயசத்தை ஒரு நாள் சோறுன்னு காட்டி, நெசச் சோத்தை நிப்பாட்டப் போறாவ மதினி. அண்ணன் படத்தை வச்சு இந்த இருபத்தாறு பேர் வயித்துல கை வைக்காவ. இதைப் போடலாமான்னு ஒங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டாவளா?"

அம்மா அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கரண்டி கீழே இறங்கியது.

"எங்கன கையெழுத்துப் போடணும்?"

"கையெழுத்து பத்தாது. என்ன குடுத்தீகன்னு ஒங்க கையால எழுதணும். அது சோறு இல்லன்னும் எழுதணும். முப்பதாம் தேதி நேருல வரணும்."

அம்மா எழுதினார். "நான் கொடுத்தது ஒரு தூக்குவாளி பாயசம். அது ஒரு நாள் உணவு அல்ல. நகராட்சி உணவை நிறுத்தக் கூடாது." மூன்று வரி எழுத அவருக்கு வெகுநேரம் ஆனது. அக்கா பக்கத்தில் நின்று ஒவ்வொரு எழுத்தையும் பார்த்தார். அந்தப் பார்வையில் இரக்கம் இருந்ததாக நான் சொல்ல மாட்டேன். பெயருக்காக வந்தவர்கள் எல்லாரும் அந்தப் பெயருக்கு உண்டானதைத் தாங்களே எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம். வீட்டுக்கு வரும் வழியில் அம்மா அக்காவைத் திட்டவில்லை. தனுஷ்கோடியைத் திட்டிக்கொண்டே வந்தார்.

சண்டைக்கு வந்தவர்கள் எல்லாரும் இப்படித்தான் போனார்கள். அக்காவிடம் கத்துவார்கள், ஆல்பத்தைப் பார்ப்பார்கள், சீட்டு எழுதுவார்கள், கவுன்சிலரைத் திட்டிக்கொண்டு வெளியே வருவார்கள்.

சண்டை போடாமல் வந்தவர் மளிகைக்கடை ஹுமாயூன் ஒருவர்தான்.

"எம்பேரு எப்பம்மா வரும்?" என்று கேட்டார்.

"நீங்க ரம்ஜானுக்கு முழுச் சாப்பாடு போட்டவுக பாய். ஒங்களை எழுதிக் கேவலப்படுத்த என்ன இருக்கு?"

"ஒரு நாள் போட்டேன். மிச்ச முந்நூத்தி அறுபத்திநாலு நாள் போடலைன்னு எழுதும்மா. என் படத்தையும் காட்டித்தானே நிப்பாட்டுதான்."

எழுதினார் அக்கா. ஹுமாயூன் ஒரு கட்டு வெள்ளைத்தாளைக் கடைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். பருப்பு வாங்க வந்தவர்களிடமெல்லாம், "நீங்க விடுதிக்கு என்ன குடுத்தீங்க? ஒண்ணும் குடுக்கலையா? அதையே எழுதுங்க. குடுக்காதவங்களும் சோத்தை நிப்பாட்டாதேன்னு சொல்லலாம்" என்றார். எழுதாமல் பருப்பு கிடைக்கவில்லை என்று சிலர் குறைப்பட்டார்கள்.

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு தனுஷ்கோடி காரில் வந்தார். இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கினார்.

"பலகையை உள்ள எடுத்து வைம்மா. ஊரு மானம் போகுது."

"கேட்டுக்கு உள்ளதான் அண்ணாச்சி இருக்கு."

"சமையல் வேலை வேணுமா, வேண்டாமா?"

"ஒண்ணாம் தேதிக்குப் பொறவு சமைக்க என்ன இருக்கு?"

அவர் சற்று நேரம் பலகையைப் படித்தார். "எம்பேரைக் காணோமே" என்று சிரித்தார்.

"வரும் அண்ணாச்சி. கடைசியா வரும்."

கண்ணாடி மேலே ஏறியது.

முப்பதாம் தேதி காலை ஆறு மணிக்கே பலகையில் ஒரே ஒரு வரி இருந்தது. "தனுஷ்கோடி, கவுன்சிலர், பிறந்தநாள். வந்தது: கும்பிட்ட இரண்டு கை." மேலே ஆல்பத்திலிருந்து வெட்டிய அந்தப் படத்தைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டியிருந்தார். முதல் பஸ்ஸின் கண்டக்டர் அதைச் சத்தமாகப் படித்துவிட்டுத்தான் விசில் கொடுத்தார் என்று கேள்விப்பட்டேன்.

மன்றக் கூடத்தில் பொதுமக்களுக்கு இரண்டு பெஞ்சுதான். அன்று மாடிப்படி வரை ஆட்கள் நின்றார்கள். பார்வையாளர்கள் பேசக் கூடாது. ஒன்பதாவது வார்டு கவுன்சிலர் இசக்கியம்மாள் எழுந்து, அக்கா கொடுத்திருந்த சீட்டுக் கட்டைக் கையில் எடுத்தார். அவர் பெயரும் பலகையில் வந்ததுதான், பிரெட் பாக்கெட் நான்கு. அந்தக் கோபத்திலேயே அவர் வாசித்தார்.

"ஒரு சீப்புப் பழம். அது ஒரு நாள் உணவு அல்ல. நகராட்சி உணவை நிறுத்தக் கூடாது. பிஸ்கட் பாக்கெட் ஆறு. அது ஒரு நாள் உணவு அல்ல. நகராட்சி உணவை நிறுத்தக் கூடாது."

ஒவ்வொரு சீட்டுக்கும், எழுதியவர் கூட்டத்தில் நின்ற இடத்திலிருந்தே கையைத் தூக்கினார். என் அம்மாவும் தூக்கினார். நாற்பது சீட்டு தாண்டியதும், "போதும், கருத்து புரிஞ்சிருச்சு" என்றார் தலைவர்.

"இன்னும் நூறுக்கு மேல இருக்கு" என்றார் இசக்கியம்மாள். "சரி, மிச்சத்தை விடுதேன். தொகுத்தவர் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லட்டும். அண்ணாச்சி, நீங்க முழு நாள் உணவு போட்டதா ஒங்க படமும் இதுல இருக்கு. அன்னைக்கு என்ன போட்டீக?"

தனுஷ்கோடி தன்னிடமிருந்த ஆல்பப் பிரதியைப் புரட்டினார். பக்கம் கிடைத்தது. அவர் படத்தைப் பார்த்தார். பிறகு தன்னையறியாமல், படத்தில் இருந்ததைப் போலவே இரண்டு கையையும் சேர்த்தார்.

யாரும் சத்தமாகச் சிரிக்கவில்லை. படிக்கட்டுப் பக்கம் ஒரு தும்மல் மாதிரி கேட்டது. கடைசி வரிசையில் நின்ற அக்கா மட்டும் அந்த முகத்தைக் கடைசிவரை பார்த்தார். ஜெயபாய் முழங்கையால் இடித்து, "போதும்டி, வா" என்று சொல்லியும் பார்வையை எடுக்கவில்லை.

வளைவு கைவிடப்பட்டது. உணவுச் செலவு தொடரும் என்று தீர்மானம் எழுதினார்கள். அது இந்த ஒரு வருடத்துக்குத்தான். அடுத்த மார்ச்சிலும் பட்ஜெட் வரும். ஹுமாயூன் கடையில் வெள்ளைத்தாள் இன்னும் கல்லாவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

இரண்டு வாரம் கழித்து ஒரு மத்தியானம் தனுஷ்கோடி விடுதிக்கு வந்தார். இந்த முறை இறங்கினார். டிரைவர் இரண்டு பெரிய அண்டாவில் சாம்பார் சாதமும் தயிர் சாதமும் இறக்கி வைத்தார். போட்டோகிராபர் இல்லை. நான் அன்று பழைய பாடப்புத்தகங்கள் கொடுக்கப் போயிருந்ததால் பார்த்தேன்.

அக்கா அண்டாவைத் திறந்து பார்த்தார், ருசி பார்த்தார், உள்ளே அனுப்பினார். பிறகு பலகையில் எழுதினார். "தனுஷ்கோடி. சாம்பார் சாதம், தயிர் சாதம், ஒரு வேளை. மீதி இரண்டு வேளை நகராட்சி." எழுத்து அழகாக, கோணாமல் இருந்தது.

அவர் அதைப் படித்துவிட்டு முன்கூடத்திலேயே நின்றார்.

"நான் ஒனக்கு என்னம்மா செஞ்சேன்? எத்தனையோ பேர் பழம் கொண்டாந்தாவ. எம்மேல மட்டும் ஏன் இம்புட்டுப் பகை?"

"பேருந்து நிலையம். ரெண்டாவது பிளாட்பாரம். காலம்பற நாலு மணி" என்றார் அக்கா.

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், அது முகத்தில் தெரிந்தது. "அங்கன நான் காண்டிராக்ட் எடுத்திருந்தேன்" என்றார். "நீ அங்க என்ன செஞ்சே?"

அக்கா அடுப்படிக்குப் போய் ஒரு வாளித் தண்ணீரோடு வந்தார். ஜெயபாய் சற்று முன்புதான் கூட்டித் துடைத்திருந்த சிமெண்ட் தரை அது. வாளியைச் சாய்த்தார். தண்ணீர் நிதானமாகப் பரவி, வெள்ளைச் செருப்புக்குள் புகுந்து, வேட்டிக் கரையில் ஏறியது. தனுஷ்கோடி ஒரு எட்டு பின்னால் வைத்தார். தண்ணீரும் அவர் பின்னால் போனது.

"தள்ளிக்கிடுங்க அண்ணாச்சி" என்றார் அக்கா, குரலை உயர்த்தாமல். "தரை கழுவுற நேரம்."

அவர் வாசல்படி இறங்கும் வரை அக்கா விளக்குமாற்றால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே போனார். கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அதன் மேல் உட்கார்ந்து, இரண்டு காலையும் நீட்டினார். புடைத்த நரம்பைக் கையால் நீவிக்கொண்டார்.

கையில் தட்டோடு முத்துவீரன் கூடத்து விளிம்பில் வந்து நின்றார்.

"ஏட்டி, இந்த ஈரத்துல எங்கன உக்காந்து திங்க?"

"காயட்டும் அண்ணாச்சி. பத்து நிமிசம்" என்றார் அக்கா. "நான் ஒன்பது வருசம் ஈரத்தோட இருந்தேன்."